ஆஸ்பத்திரியின் தரத்தை அளக்கும்போது நோயாளியின் ஏழ்மையைக் கணக்கில் எடுத்தால் அது மோசமான ஆஸ்பத்திரிக்குச் சாக்காகிவிடாதா?

நீங்கள் நிர்வாகம் படிப்பவர் என்று நினைக்கிறேன். "சாக்கு" என்று கேட்டதால்தான் எழுதுகிறேன். கேரளத்தில், பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் 11 வருடம் நர்ஸாக இருந்தேன்.

டிஸ்சார்ஜ் ஆனவர் 30 நாளுக்குள் திரும்ப அட்மிட் ஆனால் அது வார்டின் குறை என்று எழுதிவிடுவார்கள். ஒரு மாதம் எங்களுக்கு 6 பேர். அதே நிர்வாகத்தின் கோயம்புத்தூர் கிளையில் 1. கூட்டத்தில் எல்லார் முன்னாலும் திட்டு வாங்கினோம்.

அந்த 6 பேரில் ஒருவர் முதலமடை மாந்தோப்பில் கூலிக்குப் போகும் பாட்டி. சுகர், காலில் புண். இன்சுலினைக் கொடுத்து, "பிரிட்ஜில் வையுங்க, காலை ஊன்றாதீங்க" என்று அனுப்பினோம். மூன்று வாரத்தில் புண் சீழ் வைத்து வந்தார். "எங்கூட்டுல பிரிட்ஜ் ஏதுங்கண்ணு? பரண்மேல வச்சேன்" என்றார். தகரக் கூரை, பாலக்காட்டு மார்ச் வெயில். வேலைக்குப் போகாத நாளில் கூலியும் இல்லை. நாங்கள் கொடுத்த தாள் மலையாளத்தில். அவருக்குத் தமிழ்தான் எழுத்துக்கூட்ட வரும். (என் அம்மாவின் கரண்ட் பில்லையே இன்றுவரை நான்தான் படித்துச் சொல்கிறேன். தலைமுறையாக இங்கேயே இருக்கிறோம், ஒரு தாளைத் தமிழில் தர யாருக்கும் மனசு வரவில்லை.)

எங்கள்மேல் தப்பே இல்லை என்று சொல்லவில்லை. பிரிட்ஜ் இருக்கிறதா என்று நான் கேட்டிருக்க வேண்டும். அடுத்த முறை, பெரிய சட்டியில் ஈரமணல் போட்டு, நடுவில் சின்ன மண்பானை வைத்து, அதற்குள் மருந்தை வைக்கச் சொல்லிக்கொடுத்தேன். அது எங்கள் கையில் இருந்தது. அவருடைய கூலி எங்கள் கையில் இல்லை.

அமெரிக்காவில் 2012 அக்டோபர் முதல், இப்படித் திரும்பி வருபவர்களை எண்ணி ஆஸ்பத்திரிகளுக்கு மெடிகேர் (முக்கியமாக முதியவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) தரும் பணத்தைக் குறைத்தார்கள். ஏழைகள் அதிகம் வரும் ஆஸ்பத்திரிகளுக்கே அடி அதிகம். 2016இல் சட்டத்தைத் திருத்தினார்கள். மெடிகேரோடு, ஏழைகளுக்கான மெடிகெய்டும் பெறுபவர்கள் எவ்வளவு பேர் வருகிறார்கள் என்று பார்த்து, ஆஸ்பத்திரிகளை 5 குழுவாக்கி, குழுவுக்குள் மட்டும் ஒப்பிடுகிறார்கள். இதில் சாக்கு எங்கே இருக்கிறது? அதே மாதிரி ஏழைகளை வைத்துக்கொண்டு இன்னொரு ஆஸ்பத்திரி நன்றாகச் செய்தால், செய்யாதது மாட்டிக்கொள்ளும்.

ஏழைக்கு இவ்வளவு போதும் என்று ஆகிவிடுமே என்று சிலர் சண்டைக்கு வருவீர்கள். அந்தப் பயம் நியாயமானது. அதனால் ஏழ்மையைக் கணக்கில் எடுக்காத எண்ணிக்கையையும் பக்கத்திலேயே போடட்டும், இரண்டையும் ஊர் பார்க்கட்டும்.

அந்த வருடம் எனக்கு இன்கிரிமென்ட் நிறுத்தினார்கள். கோயம்புத்தூர் கிளையின் வார்டுக்குப் பரிசு. அங்கே வந்தவர்களில் பிரிட்ஜ் இல்லாத வீட்டுக்காரர் எத்தனை பேர் என்று அந்தக் கூட்டத்தில் நான் கேட்டேன். யாரிடமும் கணக்கு இல்லை.