சங்கப் பதிவு இருந்தாலே 80ஜி கிடைத்துவிடுமா?

கேள்வி: எங்கள் தெருக்கூத்துக் குழுவைச் சங்கமாகப் பதிந்து எட்டு வருடம் ஆகிறது. நன்கொடை தர முன்வந்த ஒருவர், தனக்கு வருமான வரிக் கழிவு கிடைக்க 80ஜி சான்று கேட்கிறார். அதை வாங்கித் தருவதாகச் சொல்லும் ஓர் ஏஜென்ட், வரும் நன்கொடையில் பங்கு கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். நன்கொடையில் பங்கு கேட்பவர் நாளைக்கு ‘ரசீது போடுங்கள், பணத்தில் பாதியைத் திருப்பிக் கொடுங்கள்’ என்பார். அதோடு குழுவின் பெயர் போச்சு.

சங்கப் பதிவு வேறு, வரிச் சலுகை வேறு. 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிந்ததால் நீங்கள் ஒரு சங்கம், அவ்வளவுதான். குழுவின் வருமானத்துக்கு வரிவிலக்கு வேண்டுமானால் 12ஏ, நன்கொடையாளருக்கு வரிக் கழிவு வேண்டுமானால் 80ஜி. இரண்டையும் தருவது வருமான வரித் துறை. 2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டத்தில் இந்தப் பிரிவு எண்கள் மாறிவிட்டன. பேச்சில் பழைய பெயர்தான். விண்ணப்பம் ஆன்லைனில், அரசுக் கட்டணம் கிடையாது.

முதலில் உங்கள் சங்க விதிகளை எடுத்துப் பாருங்கள். எங்கிருந்தோ நகலெடுத்த விதிகளில் முதல் நோக்கமே ‘உறுப்பினர்களின் நலனுக்காகப் பாடுபடுதல்’ என்று இருக்கும். அங்கேயே விண்ணப்பம் அடிபடும். பலன் பொதுமக்களுக்குப் போக வேண்டும். சங்கம் கலைந்தால் மிச்சச் சொத்து இதே நோக்கமுள்ள வேறொரு அமைப்புக்குப் போகும் என்ற வரியும் வேண்டும். இல்லையென்றால் சிறப்புத் தீர்மானம் போட்டு, மாவட்டப் பதிவாளரிடம் திருத்தத்தைப் பதியுங்கள்.

அடுத்தது டிக்கெட் வருமானம். சட்டம் சொல்லும் அறநோக்கங்களில் கல்வி, மருத்துவம் போல நிகழ்கலைக்குத் தனி இடம் இல்லை. கூத்து பெரும்பாலும் ‘பொதுப் பயன்பாடு’ என்ற தலைப்பில்தான் வரும். அந்தத் தலைப்பில் வணிகத் தன்மையுள்ள வரவு மொத்த வரவில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இதைக் கேட்டுப் பலர் டிக்கெட்டையே நிறுத்திவிடுகிறார்கள், வேண்டாம். செலவுக்குச் சமமாகவோ கொஞ்சம் கூடுதலாகவோ வாங்கினால் அது வணிகம் ஆகாது என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. செலவை விட மிக அதிகமாக வாங்கும்போதுதான் அந்த 20 சதவீதக் கணக்கு வரும். அதனால் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் தனியாகச் செலவுக் கணக்கு எழுதுங்கள்: வேன், ஒப்பனை, மின்விளக்கு, கலைஞர் சம்பளம்.

நீங்கள் ஏற்கனவே ஆடிக்கொண்டிருக்கும் குழு. புதிய அமைப்புகளுக்கான தற்காலிகப் பதிவு உங்களுக்குப் பொருந்தாது. கணக்கைப் பார்த்துத்தான் தருவார்கள். விடிய விடிய ஆடிவிட்டு விடிகாலையில் டீ குடிக்கிறவர்களிடம் அதற்கும் பில் கேட்பது எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் வவுச்சரில் கையெழுத்து வாங்கி வையுங்கள்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். வரித் துறைத் தளத்தில் உங்கள் கைப்பேசி எண்ணும் மின்னஞ்சலும்தான் இருக்க வேண்டும். என்னிடம் வந்த ஒரு நாடகக் குழுவுக்கு ஏஜென்ட் தன் எண்ணைக் கொடுத்திருந்தார். துறை விளக்கம் கேட்ட நோட்டீஸ் அவருக்குப் போனது. அவர் வாயே திறக்கவில்லை. நிராகரித்த பிறகுதான் குழுவுக்கு விஷயமே தெரிந்தது.