கைக்குழந்தையோடு முதல் கப்பல்: நெல்லைச் சீமையிலிருந்து வந்த கேள்விகள்

பயணிகள் கப்பலில் நர்ஸாக வேலை பார்த்துவிட்டு இப்போது பாளையங்கோட்டையில் இருக்கிறேன். கைக்குழந்தையோடு உல்லாசக் கப்பலில் போகலாமா என்று பலர் கேட்டிருந்தார்கள். நீளமான கேள்விகளைக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறேன். பொதுவாக ஒன்று: கடலைப் பார்த்துத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். என்னைக் கேட்டால் கடல் பெரிய விஷயமில்லை. பால், தூக்கம், டாக்டர் இந்த மூன்றுக்கும் வழி பண்ணிவிட்டால் தாராளமாகப் போகலாம்.

வள்ளியூர்: அக்கா, பாப்பாவுக்கு இப்போது நாலு மாதம். அடுத்த மாதமே போகலாம் என்கிறார் வீட்டுக்காரர். ஏற்றுவார்களா?

பெரும்பாலான கம்பெனிகள் ஆறு மாதம் நிரம்பாமல் ஏற்ற மாட்டார்கள். பெருங்கடலைக் கடக்கிற நீண்ட பயணம் என்றால், அல்லது கரையே தொடாமல் தொடர்ந்து பல நாள் போகிற பயணம் என்றால், ஒரு வயது ஆகியிருக்க வேண்டும். கப்பல் ஏறுகிற நாளில் என்ன வயது என்பதுதான் கணக்கு, டிக்கெட் போடுகிற நாள் அல்ல. பிறப்புச் சான்றிதழ் அசலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மடியில்தானே இருக்கும் என்று குழந்தையின் பெயரைப் பதிவில் விட்டுவிடக் கூடாது. உயிர்காப்புப் படகில் இடம் ஆள் கணக்குப்படி, அதில் ஆறு மாதப் பிள்ளையும் ஓர் ஆள்தான்.

அம்பாசமுத்திரம்: எங்கள் ஆச்சி, “பச்சப்புள்ளைய கடல்ல கொண்டு போவாளா ஒருத்தி, வாந்தி எடுத்தே செத்துரும்”ங்காவ. என்ன பதில் சொல்ல?

ஆச்சியிடம் தைரியமாகச் சொல்லுங்கள், வாந்தி உங்களுக்குத்தான் வரும், பிள்ளைக்கு வராது என்று. இரண்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்குப் பயண மயக்கம் அபூர்வம். காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு ஆட்டத்தை உணர்கிறது, கண் ஆட்டமில்லை என்கிறது. இந்த முரண்பாட்டில்தான் நமக்குக் குமட்டுகிறது. அது அதிகம் படுத்துவது பள்ளிக்கூட வயதுப் பிள்ளைகளைத்தான்.

மலைப்பாதை பஸ்ஸுக்கு நாம் போட்டுக்கொள்கிற அவோமின் மாத்திரையில் கால்வாசி உடைத்துக் கொடுக்கும் பழக்கம் நம் பக்கம் உண்டு. இரண்டு வயதுக்குள் அதைக் கொடுக்கவே கூடாது. அதிலுள்ள மருந்து சிறு குழந்தைக்கு மூச்சையே அடக்கிவிடக்கூடியது. பால் கொடுக்கிற தாயும் டாக்டரைக் கேட்காமல் எதையும் போட வேண்டாம்.

கேபின் எடுக்கும்போது கப்பலின் நீளத்தில் நடுப்பகுதியாக, கீழ்த் தளமாகப் பாருங்கள். ஆட்டம் குறைவாகத் தெரியும். நமக்கு ஒத்துக்கொள்ளுமா என்று தெரிய வேண்டுமானால் கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்குப் படகில் ஒரு நடை போய்ப் பாருங்கள். அந்தப் படகு பெரிய கப்பலை விட நன்றாகவே ஆட்டும்.

களக்காடு: பிள்ளை தொட்டிலில்தான் தூங்கும். அங்கே தொட்டில் கட்ட முடியுமா? குளிப்பாட்டுவது எப்படி?

முடியாது. கேபின் கூரையில் சேலை கட்ட ஒரு கொக்கி கூட இருக்காது. முன்பே சொல்லிவைத்தால் கம்பி வைத்த மடக்குக் கட்டில் ஒன்றைக் கொண்டுவந்து போடுவார்கள், பெரும்பாலும் காசு கிடையாது. ஆனால் தொட்டிலில் வளர்ந்த பிள்ளையை முதல் ராத்திரி மட்டமான மெத்தையில் போட்டால் அக்கம்பக்கத்து கேபின்காரர்கள் எல்லாம் விழித்துக்கொள்வார்கள். புறப்படுவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே வீட்டில் பாயில் போட்டுத் தூங்கப் பழக்குங்கள்.

குளியல்தான் பெரிய சங்கடம். கேபின் குளியலறை நம் வீட்டுப் பீரோ அளவுதான் இருக்கும். காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் காலில் போட்டு ஊற்ற இடமே கிடையாது. காற்றடிக்கும் சின்னத் தொட்டி ஒன்று வாங்கி, ஷவர் தரையில் வைத்து, கால்வாசி தண்ணீர் பிடித்துக் குளிப்பாட்டுங்கள். எண்ணெய்க் குளியலை ஊருக்கு வந்து வைத்துக்கொள்ளலாம். வழுக்கிற பிள்ளையும் ஆடுகிற தரையும் ஒத்துவராது.

அப்புறம், சாம்பிராணி. பெட்டியில் எடுத்து வைக்கவே வேண்டாம். கேபினுக்கு கேபின் புகை கண்டுபிடிக்கும் கருவி உண்டு. கப்பலில் தீ என்றால் ஓடிப்போய் நிற்கத் தெரு கிடையாது, அதனால் ஊதுபத்தி, மெழுகுவர்த்தி எதற்கும் அனுமதி இல்லை. கெட்டிலும் அயர்ன் பாக்ஸும் அதே கதைதான், ஏறும்போதே வாங்கி வைத்துக்கொள்வார்கள். தலையைத் துண்டால் நன்றாகத் துவட்டினால் போதும், சளி பிடிக்காது.

இன்னொன்று. பால்கனிக் கதவு திறந்திருக்கும்போது கேபின் கதவைத் திறந்தால் காற்று இழுத்து படாரென்று சாத்தும். அது கனமான கதவு. தவழ்கிற பிள்ளையின் விரல் நிலைச்சட்டத்தில் இருந்தால் என்ன ஆகும் என்று நான் பார்த்திருக்கிறேன்.

தென்காசி: எட்டு மாதம். சத்துமாவுக் கஞ்சியும் இட்லியும்தான் சாப்பிடுகிறான். வீட்டில் அரைத்த மாவு கொண்டு போகலாமா?

வீட்டில் அரைத்த பொடியைப் பல கப்பல்களில் விட மாட்டார்கள். சீல் உடைக்காத டப்பாவில் உள்ள குழந்தை உணவு, பால் பவுடர் இவற்றுக்குத் தடை இருக்காது. பயணம் முழுவதற்கும் கணக்குப் போட்டு, அதற்கு மேல் இரண்டு நாளுக்குக் கூடுதலாக எடுங்கள். கப்பல் கடையில் உங்கள் பிராண்டு கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். டயப்பருக்கும் இதே கணக்கு.

கேபினில் கஞ்சி காய்ச்ச வழியில்லை. முதல் நாள் ராத்திரிச் சாப்பாட்டின்போது பரிமாறுகிறவரிடம் சொல்லிவைத்தால், உப்பு போடாமல் குழைந்த சோறு, பருப்பு, வேகவைத்த காரட், உருளைக்கிழங்கு எல்லாம் தனியாகக் கொண்டுவந்து தருவார்கள். இந்தியப் பயணிகள் அதிகமுள்ள கப்பல் என்றால் இட்லிக்கும் பஞ்சமிருக்காது. சாம்பாரைத் தொடாமல் பிசைந்து கொடுங்கள்.

பவுடர் பால் என்றால் நல்ல பிளாஸ்க் ஒன்று அவசியம். டீ எடுக்கிற இடத்தில் கொதிநீர் பிடித்துக்கொண்டு, சூடு 70 டிகிரிக்குக் குறையுமுன் பவுடரைக் கலக்கி, பிறகு ஆறவைத்துக் கொடுக்க வேண்டும். வெதுவெதுப்பான நீரில் கலக்கினால் பவுடரில் இருக்கக்கூடிய கிருமி சாகாது. பாட்டில் கழுவ ஒரு பிரஷ்ஷும் கொஞ்சம் சோப்பும் உங்கள் பையிலேயே இருக்கட்டும். ஒரு வயது வரை தேன் கிடையாது, வசம்பு எப்போதுமே கிடையாது. இரண்டையும் ஆச்சிமார் பையில் தேடிப் பார்த்து எடுத்துவிடுங்கள்.

மேலப்பாளையம்: நீச்சல் குளத்தில் இறக்கலாமா? நீச்சல் டயப்பர் வாங்கிவிட்டோம்.

பெரும்பாலான கப்பல்களில் கூடாது. டயப்பர் போடுகிற வயது என்றால், எந்த டயப்பராக இருந்தாலும், பொதுக்குளத்தில் இறக்க விடுவதில்லை. சிலவற்றில் கைக்குழந்தைகளுக்கென்று தனியாகத் தண்ணீர் தெளிக்கிற இடம் இருக்கும், உங்கள் டயப்பர் அங்கே உதவும்.

சங்கரன்கோவில்: நடுக்கடலில் காய்ச்சல் வந்தால்?

எல்லோரும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. கப்பலில் டாக்டரும் நர்ஸும் எந்நேரமும் உண்டு. ஆக்சிஜன், டிரிப், சில ரத்தப் பரிசோதனைகள் பார்த்துவிடலாம். குழந்தை மருத்துவர் இருக்க மாட்டார். நம் ஊர் போல ராத்திரி இரண்டு மணிக்கு ஆட்டோ பிடித்து ஹைகிரவுண்டு பெரியாஸ்பத்திரிக்கு ஓட முடியாது. நிலைமை மோசமானால் அடுத்த துறைமுகம் வரை காத்திருக்க வேண்டும், அல்லது ஹெலிகாப்டர். அதற்கு ஆகிற செலவை நினைத்தால் நமக்குக் காய்ச்சல் வந்துவிடும். அதனால் மருத்துவக் காரணத்துக்காக வெளியேற்றும் செலவையும் சேர்த்து, குழந்தை பெயரிலும் காப்பீடு எடுங்கள்.

கிளம்பும் முன் உங்கள் குழந்தை டாக்டரைப் பார்த்து, எடைக்கு ஏற்ற பாராசிட்டமால் அளவை எழுதி வாங்குங்கள். ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டும் தெர்மாமீட்டரும் கூட வரட்டும். தடுப்பூசி அட்டையையும் காட்டுங்கள். தட்டம்மை ஊசி நம் அட்டவணையில் 9 மாதத்தில்தான், வெளிநாடு என்றால் 6 மாதத்திலிருந்தே ஒன்று கூடுதலாகப் போடலாமா என்று கேளுங்கள். ஃப்ளூ ஊசியும் 6 மாதம் முதல் போடலாம்.

கப்பலில் வேகமாகப் பரவுவது நோரோவைரஸ் வயிற்றுப்போக்கு. வாசலுக்கு வாசல் கைக்கு ஜெல் ஊற்றுவார்கள், அது இந்தக் கிருமிக்குப் போதாது. சோப்புப் போட்டுத் தண்ணீரில் கழுவிய கையால்தான் பிள்ளைக்கு ஊட்ட வேண்டும். கொஞ்சுகிறேன் என்று வருகிறவர்களிடம் கூச்சப்படாமல் கையைக் கழுவச் சொல்லுங்கள். ஆறேழு மணி நேரமாக மூத்திரமே போகவில்லை, பால் குடிக்க மறுக்கிறது, மூச்சு வேகமாக வாங்குகிறது என்றால் விடியட்டும் என்று பார்க்காதீர்கள்.

உவரி: நாங்கள் கடலில் புழங்குகிறவர்கள்தான். லைஃப் ஜாக்கெட் எல்லாம் பெரியவர்கள் அளவில்தானே இருக்கும்?

நல்ல கேள்வி, கடல் தெரிந்தவர்தான் கேட்பார். 24 மணி நேரமும் அதற்கு மேலும் போகிற பயணிகள் கப்பலில் ஒவ்வொரு கைக்குழந்தைக்கும் அதன் அளவில் ஜாக்கெட் இருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. ஏறியவுடன் கேபின் பணியாளரிடம் கேட்டு வாங்கி, ஒரு தடவை போட்டுப் பாருங்கள். பாதுகாப்புப் பயிற்சிக்குக் கூப்பிடும்போது தள்ளுவண்டியை விட்டுவிட்டுப் பிள்ளையை இடுப்பில் எடுத்துக்கொண்டு படிக்கட்டில் போங்கள். ஆபத்தில் லிஃப்ட் உதவாது.

திருநெல்வேலி டவுன்: எங்கிருந்து ஏறுவது நல்லது? பாஸ்போர்ட் வேண்டுமா? தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு விட்டார்களே, அது?

அது 2011-ல் ஓடி, அந்த வருடமே நின்றுபோனது. 2023-ல் தொடங்கியது நாகப்பட்டினத்திலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்கு, அது சில மணி நேரப் பயணம், உல்லாசக் கப்பல் இல்லை.

முதல் தடவைக்கு இரண்டு மூன்று இரவு போதும். கொச்சியில் ஏறுவதென்றால் செங்கோட்டை வழியாகப் பாலருவி எக்ஸ்பிரஸில் எர்ணாகுளம் போய்விடலாம். சென்னைக்கு வந்தே பாரத் இருக்கிறது. எதுவானாலும் ஒரு நாள் முன்பே போய்ச் சேருங்கள், ரயில் தாமதத்துக்காகக் கப்பல் நிற்காது. ஜூன் முதல் செப்டம்பர் வரை அரபிக்கடல் கொந்தளிக்கும், அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வங்கக்கடலில் புயல். ஜனவரி, பிப்ரவரி சுகம்.

வெளிநாடு தொட்டால் குழந்தைக்குத் தனிப் பாஸ்போர்ட், விசா வேண்டிய நாடு என்றால் தனி விசா. விண்ணப்பத்தில் தாய் தகப்பன் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். சிங்கப்பூரில் ஏறி அங்கேயே வந்து இறங்கும் பயணத்தில் இரண்டு தடவை உள்ளே நுழைகிறீர்கள், விசா பல முறை நுழையக்கூடியதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மீண்டும் அம்பாசமுத்திரம்: ஆச்சி இப்போது தானும் வருகிறேன் என்கிறார்கள். ஒரே கேபினில் சமாளிக்கலாமா?

கூட்டிப் போங்கள், ஆனால் பக்கத்து கேபின் எடுங்கள். ஆச்சிக்குப் பயண மாத்திரையை மறக்க வேண்டாம்.