சுருள்பாசி டப்பாவும் மூணு முட்டையும்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே பொருளைப் பற்றித்தான், சத்து மாத்திரையாக விற்கிற சுருள்பாசி. ஸ்பைருலினா. நம் பக்கத்தில் எந்தக் கண்காட்சிக்குப் போனாலும் பச்சை மாத்திரை டப்பாவோடு ஒரு ஸ்டால் இருக்கிறது, அதனால் வந்த வினை என்று நினைக்கிறேன். மூட்டுவலி, முடி உதிர்தல் கடிதங்களை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

எனக்கு 41 வயது. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. எந்நேரமும் அசதி, படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. ரத்தம் பார்த்ததில் ஹீமோகுளோபின் 9.2. கூட வேலை செய்யும் அக்கா ஸ்பைருலினா மாத்திரை சாப்பிடச் சொல்கிறார். 60 மாத்திரை 600 ரூபாய், தினமும் இரண்டு. ஒரு கிராம் சாப்பிட்டால் ஒரு கிலோ காய்கறிக்குச் சமம் என்று டப்பாவோடு வந்த நோட்டீஸில் போட்டிருக்கிறது. வாங்கலாமா?
– வாசகி, திருப்பூர்

அம்மிணி, அந்த 600 ரூபாயை இப்போதைக்குப் பையிலேயே வையுங்கள். டப்பாவைத் திருப்பிப் பாருங்கள், ஒரு மாத்திரை 500 மில்லிகிராம் என்று இருக்கும். அறுபது மாத்திரையும் சேர்த்து 30 கிராம், அதாவது உள்ளங்கையில் கொட்டினால் அடங்கிவிடுகிற அளவு. ஸ்பைருலினாவில் நூற்றுக்கு அறுபது பங்கு புரதம் என்பது உண்மைதான், அதில் யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் 30 கிராமில் அறுபது பங்கு என்றால் 18 கிராம். நாமக்கல் முட்டை ஒன்றில் 6 கிராம் புரதம் இருக்கிறது. ஆக மாதம் முழுக்க நீங்கள் விழுங்கப்போகிற புரதம் மூணு முட்டை. முட்டை வேண்டாம் என்றால் முக்கால் டம்ளருக்கும் குறைவான கொள்ளு, ஒருநாள் கொள்ளுப் பருப்பு கடைந்தால் வீட்டில் எல்லாருக்குமாகச் செலவாகிற அளவு.

உங்களுக்குப் புரதத்தைவிட இரும்புச்சத்துதான் முக்கியம், அதையும் பார்த்துவிடலாம். 100 கிராம் ஸ்பைருலினாவில் சுமார் 28 மில்லிகிராம் இரும்பு. கேட்க நிறையத்தான் தெரிகிறது. தினம் இரண்டு மாத்திரை, ஒரு கிராம், அதில் கால் மில்லிகிராமுக்குச் சற்று மேல். உங்கள் வயதுப் பெண்ணுக்கு ஒரு நாளைக்குச் சாப்பாட்டில் 29 மில்லிகிராம் வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) சொல்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் கொடுக்கிறார்களே, அந்த இரும்புச்சத்து மாத்திரை ஒன்றில் 60 மில்லிகிராம் இருக்கிறது. எந்த வடிவத்தில் சாப்பிட்டாலும் உடம்பு அத்தனையையும் எடுத்துக்கொள்ளாது, அது வேறு கணக்கு. ஆனாலும் அந்த ஒரே மாத்திரையில் உள்ள இரும்பை ஸ்பைருலினாவில் பிடிக்க ஏழு டப்பா வேண்டும், 4,200 ரூபாய்.

காய்கறிக் கணக்கை எழுதியவர் சந்தைப்பக்கம் போனதே இல்லை போல. ஒரு கிலோ காய்கறியில் நார்ச்சத்து இருக்கிறது, வைட்டமின் சி இருக்கிறது, பொட்டாசியம் இருக்கிறது. ஒரு கிராம் ஸ்பைருலினாவில் வைட்டமின் சி 0.1 மில்லிகிராம். ஒரு பெருநெல்லிக்காயில் அதைப்போல் பல நூறு மடங்கு.

9.2 என்பதைச் சும்மா விடக்கூடாது. மாதவிடாயில் அதிக ரத்தம் போகிறதா, வயிற்றில் பூச்சியா, மூலமா என்று காரணத்தை டாக்டரிடம் கேட்டுப் பார்க்க வேண்டும். ஓட்டைப் பானையில் ஊற்றிக்கொண்டே இருந்து பயனில்லை. மாத்திரை கொடுத்தால் எலுமிச்சை ஜூஸோடு போடுங்கள், மலம் கறுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம். அப்புறம் ஒன்று, உங்கள் ஊரில் எல்லாருக்கும் உள்ள பழக்கம்தான், சாப்பிட்ட கையோடு பேக்கரியில் டீ. அந்த டீ சாப்பாட்டில் இருக்கிற இரும்பை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும். ஒரு மணி நேரமாவது கழித்துக் குடியுங்கள். செலவே இல்லாத வைத்தியம் இது, ஆனால் இதைச் சொன்னால்தான் எல்லாருக்கும் கோபம் வருகிறது.

ஸ்பைருலினா செடியா, மீனா, கெமிக்கலா? சைவர்கள் சாப்பிடலாமா?
– வாசகர், தாராபுரம்

பாசிங்க. தமிழில் சுருள்பாசி என்கிறார்கள், நுண்ணோக்கியில் பார்த்தால் பேனா ரீஃபில் மேல் போடுகிற ஸ்பிரிங் மாதிரி சுருண்டு இருக்கும். கறாராகச் சொன்னால் பாக்டீரியா வகை, ஆனால் செடி மாதிரி வெயிலில் சமைத்துச் சாப்பிடும். சைவம்தான். புதுசும் இல்லை. மெக்சிகோவில் அஸ்டெக் மக்கள் டெக்ஸ்கோகோ ஏரியில் இதை வழித்தெடுத்துக் காயவைத்துத் தின்றார்கள், ஆப்பிரிக்காவில் சாட் ஏரிக்கரைப் பெண்கள் இன்றைக்கும் மணலில் காயவைத்து வில்லையாக வெட்டி விற்கிறார்கள், குழம்பில் போடுவார்கள். நம் மாநிலத்தில் ஆரோவில்லிலும் புதுக்கோட்டைப் பக்கம் ஊனையூரிலும் வளர்க்கிறார்கள்.

ஒருமுறை ஒரு பண்ணையில் நின்று பார்த்தேன். முழங்கால் ஆழத் தொட்டி, சோடா உப்பு கரைத்த தண்ணீர், கரும்பச்சை. அதைத் துணியில் வடிகட்டி, பிழிந்து, வருகிற மாவுப் பதத்தை நம்ம சந்தகை அச்சு போலவே ஒன்றில் வைத்து அழுத்துகிறார்கள். பச்சை நூல் நூலாகத் தட்டில் விழுகிறது, அப்படியே வெயிலில். ஒருநாள் காய்ந்ததும் கையில் எடுத்தால் உடைந்த சேமியா மாதிரி நொறுங்கும். வாசம்? மழைக்கு முன்னால் குளத்துப் படித்துறையில் உட்கார்ந்திருக்கிற வாசம்.

வீட்டில் ஒரு சிட்டிகை தூளை வெள்ளைப் பீங்கானில் தண்ணீர் ஊற்றி இரவு வைத்துப் பாருங்கள். காலையில் தூள் கீழே பச்சையாகக் கிடக்கும், மேலே தண்ணீர் நீலமாக நிற்கும். அது ஃபைகோசயனின் என்ற நிறமி, மிட்டாய்க்கு நீல நிறம் கொடுக்க அமெரிக்காவில் 2013-ல் அனுமதித்தார்கள்.

எனக்கு 63. சுத்த சைவம். சர்க்கரைக்குப் பன்னிரண்டு வருடமாக மெட்பார்மின். உள்ளங்கால் மரத்துப்போகிறது, மருமகள் பி12 குறைவாக இருக்கும் என்று சொல்லி ஸ்பைருலினா வாங்கிக் கொடுத்திருக்கிறாள். டப்பாவிலும் பி12 நிறைய என்றுதான் போட்டிருக்கிறது.
– வாசகர், கோபிசெட்டிபாளையம்

உங்கள் மருமகளுக்கு நோய் சரியாகத் தெரிந்திருக்கிறது அய்யா, மருந்துதான் தப்பு. ஸ்பைருலினாவில் இருப்பது பெரும்பாலும் போலி பி12. பழைய பரிசோதனை முறை ஒன்றில் கிருமியை வளரவிட்டு அளப்பார்கள், அந்தக் கிருமிக்கு அசலும் போலியும் ஒன்றுதான், அதனால் எண் பெரிதாக வரும். நம் உடம்புக்கு அந்தப் போலி வேலை செய்யாது. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் கொஞ்சம் கோபமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் டப்பாவை நம்பி ஒருவர் ஒரு வருடம் ஓட்டிவிட்டால் அதற்குள் நரம்பு கெட்டுவிடும், அப்புறம் ஊசி போட்டாலும் முழுசாகத் திரும்பாமல் போகலாம்.

மெட்பார்மினை ரொம்ப வருடம் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறைவது டாக்டர்களுக்குத் தெரிந்த சங்கதிதான். ரத்தத்தில் பி12 பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், குறைவு என்றால் மாத்திரையோ ஊசியோ கொடுப்பார்கள். மெட்பார்மினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். கால் மரப்பு சர்க்கரையாலேயே வந்திருக்கவும் கூடும், ரெண்டையும் பார்க்க வேண்டும். பால், தயிர், மோரில் கொஞ்சம் பி12 உண்டு, அதை விடாதீர்கள்.

பேரன் ஒன்றாம் வகுப்பு. காய் என்றால் தட்டைத் தள்ளிவிடுகிறான். ஸ்பைருலினா போட்ட கடலைமிட்டாய் விற்கிறார்கள், தரலாமா?
– வாசகி, பொள்ளாச்சி

இங்கேதான் நான் ஸ்பைருலினா பக்கம் பேச வேண்டும். 1990-களின் தொடக்கத்தில் சென்னை முருகப்பா செட்டியார் ஆய்வு மையம் நம் தமிழ்நாட்டுக் கிராமக் குழந்தைகள் சுமார் 5,000 பேருக்கு தினமும் ஒரே ஒரு கிராம் கொடுத்துப் பார்த்தது. வைட்டமின் ஏ குறைந்த குழந்தைகளுக்குக் கண் வெள்ளையில் நுரை ஒட்டினாற்போல ஒரு திட்டு விழும், அந்தத் திட்டு பெருவாரியான குழந்தைகளுக்கு மறைந்தது. புரதத்துக்கும் இரும்புக்கும் எட்டாத ஒரு கிராம் இதற்கு எட்டியது, காரணம் உடம்பு வைட்டமின் ஏ-வாக மாற்றிக்கொள்கிற பீட்டா கரோட்டின் இதில் அவ்வளவு அடர்த்தி. சாப்பாட்டுக்கே வழியில்லாத இடத்தில் ஒரு சிட்டிகையில் கண்ணைக் காப்பாற்றுவது பெரிய விஷயம்.

உங்கள் பேரன் அந்த இடத்தில் இருக்கிறானா என்பதுதான் கேள்வி. பொள்ளாச்சியில் வீட்டுக்கு வீடு முருங்கை, கொல்லையில் பப்பாளி. முருங்கைக்கீரையை அரிசிம்பருப்பு சாதம் பொங்கும்போதே உருவிப்போட்டு நெய் விட்டால் காய் என்று கண்டுபிடிக்கவே மாட்டான், என் வீட்டு வாண்டு கண்டுபிடிக்கவில்லை. மிட்டாயைப் பொறுத்தவரை, அதில் சத்து என்று பார்த்தால் கடலைதான் பெரும்பங்கு. பச்சை நிறத்துக்காகக் கூடக் காசு கொடுக்கிறீர்கள். ஆசைக்கு ஒன்று வாங்கிக் கொடுத்தால் குடி முழுகாது, பல் மட்டும் விளக்கச் சொல்லுங்கள்.

எடை குறையுமா? பிரஷர், கொழுப்பு?
– வாசகர், நாமக்கல்

கொழுப்பும் பிரஷரும் கொஞ்சம் இறங்கியதாகச் சின்னச் சின்ன ஆய்வுகள் இருக்கின்றன, பலவற்றில் தினம் 2 கிராம், 4 கிராம், அதற்கு மேலும் கொடுத்தார்கள். மாத்திரையை நிறுத்திவிட்டு இதை நம்புகிற அளவுக்கு அது போதாது. எடைக்காக வாங்காதீர்கள்.

யார் தொடக்கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். முடக்குவாதம், லூபஸ் மாதிரி உடம்பே உடம்பைத் தாக்குகிற நோய் உள்ளவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள், யூரிக் ஆசிட் ஏறி கட்டைவிரல் வீங்குகிறவர்கள், கர்ப்பிணிகள் – டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். ஃபீனைல்கீட்டோனூரியா என்ற பிறவிக் கோளாறு உள்ள குழந்தைகளுக்கு அறவே கூடாது. மற்றவர்கள் நல்ல சரக்காக வாங்கிச் சாப்பிட்டால் பெரிய கெடுதல் இல்லை, சிலருக்கு வயிறு உப்பும், காலைக்கடன் பச்சையாகப் போகும், அவ்வளவுதான். டப்பாவில் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணைய) எண் இருக்கிறதா பாருங்கள். உதிரியாகப் பாலித்தீன் பையில் கட்டித் தருவதை வாங்காதீர்கள், ஏன் என்று அடுத்த பதிலில்.

காங்கேயம் பக்கம் 40 சென்ட் காலியாகக் கிடக்கிறது, போர் தண்ணீர் உண்டு. தொட்டி போட்டுக் கொடுத்து, விதைப்பாசியும் கொடுத்து, விளைந்ததை அவர்களே கிலோ விலை பேசி எடுத்துக்கொள்கிறோம் என்று ஒரு கம்பெனி வந்திருக்கிறது. முன்பணம் மூன்று லட்சம். இறங்கலாமா?
– வாசகர், காங்கேயம்

இதைப் படித்ததும் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது பாசி இல்லைங்க, ஈமு கோழி. குஞ்சு நாங்கள் தருகிறோம், வளர்த்ததை நாங்களே எடுத்துக்கொள்கிறோம், மாதாமாதம் காசு என்று சொல்லி நம் ஈரோடு, பெருந்துறைப் பக்கம் ஆயிரக்கணக்கான பேர் பணம் கட்டி, 2012-ல் எல்லாம் கவிழ்ந்து, தீவனம் போட ஆளில்லாமல் கோழிகள் வேலிக்குள் நின்றதைப் பார்த்த தலைமுறை நாம். உங்களிடம் வந்தவர்கள் நல்லவர்களாகவே இருக்கலாம். ஆனால் பொருளை விற்று லாபம் பார்க்கிறவன் உங்களிடம் முன்பணம் எதற்குக் கேட்கிறான்? வெளிச்சந்தையில் நீங்களே போய் விற்றால் யார் வாங்குவார், என்ன விலைக்கு, இதை முதலில் விசாரியுங்கள்.

வளர்ப்பு ஒன்றும் மந்திரம் இல்லை. மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிலையம் (சிஎஃப்டிஆர்ஐ) கிராமத்துக்கு ஏற்ற மாதிரி எளிய முறையை எப்போதோ கொடுத்துவிட்டது. 30 முதல் 35 டிகிரி வெப்பம், கார அளவு பிஹெச் 9-க்கு மேல், அடிக்கடி கிளறிவிட வேண்டும், இல்லாவிட்டால் மேலே உள்ளது வெயிலைத் தின்றுகொண்டு கீழே உள்ளதைப் பட்டினி போடும். நன்றாக வந்தால் சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 8, 10 கிராம் காய்ந்த பாசி. மழைக்காலத்தில் அதுவும் வராது. கம்பெனிக்காரர் கொடுத்த கணக்கில் மாதம் எத்தனை நாள் வெயில் போட்டிருக்கிறார் என்று பாருங்கள்.

பெரிய சங்கடம் தண்ணீர். பாசிக்கு ஒரு குணம், தண்ணீரில் ஈயமோ காட்மியமோ பாதரசமோ இருந்தால் உறிஞ்சித் தன் உடம்பில் சேர்த்து வைத்துக்கொள்ளும், கழிவுநீரிலிருந்து உலோகத்தைப் பிடிக்கவே இதை வைத்து ஆராய்ச்சி செய்கிறார்கள். நொய்யல் கரையில் சாயத்தண்ணீர் என்ன செய்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, அந்தச் சாயத்தண்ணீர் தேங்கிய ஒரத்துப்பாளையம் அணை உங்களுக்குப் பக்கம்தானே. 2011-ல் ஹைகோர்ட் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகும் நிலத்தில் இறங்கியது இறங்கியதுதான். திறந்த தொட்டியில் வேறு பாசி கலந்தால் இன்னொரு ஆபத்து, அவற்றில் சில வகை கல்லீரலைக் கெடுக்கிற நஞ்சு விடும். கண்ணுக்கு எல்லாம் ஒரே பச்சைதான்.

ஆகவே மூன்று லட்சத்தைக் கொடுப்பதற்கு முன்னால் போர் தண்ணீரை இரண்டு லிட்டர் சுத்தமான கேனில் பிடித்து, கன உலோகம் பார்க்கிற லேபில் கொடுங்கள், சாதாரண உப்புப் பரிசோதனை போதாது. அந்த ரிப்போர்ட்டைக் கம்பெனிக்காரரிடம் காட்டுங்கள். அவர் அதைக் கேட்காமலேயே ஒப்பந்தத்தை நீட்டினால், அந்த 40 சென்ட்டில் கொள்ளு விதைத்துவிடுங்கள்.