ஆரக்கிளுக்கு மாறியதும் கோட் ஜெனரேட்டர் ஏன் எதையும் எழுதவில்லை?

கேள்வி: ஜாவா புராஜெக்டில், டேட்டாபேஸ் டேபிள்களைப் பார்த்து ஜாவா கிளாஸ்களை எழுதித் தரும் ஜூக் (jOOQ) லைப்ரரியைப் பயன்படுத்துகிறோம். எந்த ஸ்கீமாவை, அதாவது எந்த டேபிள் தொகுப்பைப் படிக்க வேண்டும் என்று சொல்லும் இன்புட் ஸ்கீமா அமைப்பில் சேல்ஸ் என்று ஸ்மால் லெட்டரில் கொடுத்திருந்தோம். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் சரியாக ஓடியது. ஆரக்கிளுக்கு மாறியதும் பில்டு வெற்றி என்கிறது, ஆனால் ஒரு டேபிளுக்கும் கிளாஸ் வரவில்லை. அதே பெயரை வைத்துக் கையால் எழுதும் குவெரி மட்டும் ஓடுகிறது. ஏன்?

பதில்: பில்டு லாகைக் கொஞ்சம் மேலே தள்ளிப் பாருங்கள். ஸ்கீமா எதுவும் கிடைக்கவில்லை, பெயரின் கேஸை, அதாவது கேப்பிடலா ஸ்மாலா என்பதைச் சரிபார்க்கவும் என்று ஓர் எச்சரிக்கை இருக்கும். பச்சை நிறத்தில் வெற்றி என்று வந்துவிட்டால் அதை யார் படிக்கிறார்கள்!

மேற்கோள் குறி இல்லாமல் எழுதும் பெயரை ஆரக்கிள் கேப்பிடலாக்கிக்கொள்ளும், போஸ்ட்கிரெஸ் ஸ்மாலாக்கிக்கொள்ளும். எஸ்கியூஎல் தரநிலை சொல்வது ஆரக்கிளின் வழியைத்தான். நீங்கள் எப்படி எழுதினாலும் குவெரி ஓடுவது இதனால்தான். ஜெனரேட்டர் அப்படி மாற்றிக்கொள்ளாது. டேட்டாபேஸின் அகராதியில் பதிவாகியுள்ள பெயரையும் நீங்கள் கொடுத்ததையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும். ஆகவே ஊகிக்க வேண்டாம். ஆரக்கிளில் ஆல் யூசர்ஸ் வியூவையும், போஸ்ட்கிரெஸில் இன்ஃபர்மேஷன் ஸ்கீமாவையும் கேட்டு, வரும் பெயரை அப்படியே காப்பி செய்து ஒட்டுங்கள். உங்களுக்குப் பெரும்பாலும் முழுக் கேப்பிடலில்தான் வரும். எந்த டேபிள்களைச் சேர்க்க வேண்டும், எவற்றை விட வேண்டும் என்று சொல்லும் இன்க்ளூட், எக்ஸ்க்ளூட் பேட்டர்ன்கள் இயல்பாகக் கேஸைப் பொருட்படுத்தாது; அங்கே கை வைக்க வேண்டாம்.

அப்புறம் இன்னொரு சிக்கல் வரும். ஜூக் இயல்பாகவே பெயர்களுக்கு மேற்கோள் குறி போட்டுத்தான் குவெரியை அனுப்பும். ஆரக்கிளில் உருவாக்கிய கிளாஸ்களை வைத்துக்கொண்டு போஸ்ட்கிரெஸில் டெஸ்ட் ஓட்டினால், கேப்பிடல் பெயரில் அப்படி ஒரு டேபிளே இல்லை என்று அடம்பிடிக்கும். இதற்கு ஜூக்கின் ரெண்டர் கோட்டட் நேம்ஸ் அமைப்பை, இயல்பாக மேற்கோள் போடாதபடி மாற்றலாம். ஆனால் ஆர்டர், யூசர் போன்ற ஒதுக்கப்பட்ட சொற்களை டேபிள் பெயராக வைத்திருந்தால் அங்கே உடைந்துவிடும். இரண்டு டேட்டாபேஸிலும் ஒரே கிளாஸ்களை ஓட்டியே ஆக வேண்டும் என்றால் மட்டும் இதைத் தொடுங்கள்.

மைஎஸ்கியூஎல் பக்கம் போகும் எண்ணம் இருந்தால், அங்கே டேபிள் பெயர்களின் கேஸ் இயங்குதளத்தைப் பொறுத்தது: இயல்பு நிலையில் லினக்ஸில் கேஸ் முக்கியம், விண்டோஸில் பெயர்கள் ஸ்மால் லெட்டரில் சேமிக்கப்படும். மைஎஸ்கியூஎல் 8.0 முதல், கேஸை எப்படிக் கையாள்வது என்ற அமைப்பை சர்வரை முதன்முதலில் தொடங்கும்போதுதான் தேர்ந்தெடுக்க முடியும். அதனால் டெவலப்பர் மெஷினிலும் சர்வரிலும் பெயர்களை ஸ்மால் லெட்டரிலேயே வைத்துவிடுங்கள்.