வாசகர் கேள்வி: திருப்பி வைத்த பிஸ்கட்

கேள்வி: நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து வாராவாரம் உணவுப் பைகள் கொடுக்கிறோம். போன வாரம் ஒரு பெரியவர் பிஸ்கட்டையும் ஜாமையும் எடுத்து மேசையிலேயே வைத்துவிட்டுப் போனார். 'சும்மா கிடைப்பதிலுமா பொறுக்குவார்கள்?' என்று எங்களில் ஒருவர் முணுமுணுத்தார். எனக்கும் மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது. எங்கள் பக்கம் ஏதாவது தவறா?

பதில்: அவர் திருப்பி வைத்தாரே, அதற்குச் சந்தோஷப்படுங்கள். கூச்சத்தில் வாங்கிக்கொண்டு போய், சர்க்கரை நோயோடு அதையே இரவுச் சாப்பாடாகச் சாப்பிடுகிறவர்கள்தான் அதிகம்.

உணவு ஆலோசனை சொல்வது என் தொழில். விடுமுறை நாட்களில் நானும் இப்படி ஒரு மேசைக்குப் பின்னால் நிற்பவள்தான். ஒருமுறை ஒரு அம்மா டப்பாவைக் கண்ணருகே கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தேதி பார்க்கிறார் என்று நினைத்தேன். "கண்ணு, இதில் உப்பு எவ்வளவு என்று படித்துச் சொல்லேன்" என்றார். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். சோடியம் என்று போட்டிருந்ததை இரண்டரையால் பெருக்கிப் பார்த்தேன் (உப்புக் கணக்கு அப்படித்தான்). ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த ஒரு டப்பாவே அதில் பாதியைத் தின்றுவிடும் போலிருந்தது. அந்த டப்பாக்களைத் தேர்ந்தெடுத்து வாங்கியது யார்? நான்தான்.

இந்த ஏற்பாட்டின் பிறப்பே அப்படி. 1967-ல் அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரில் ஜான் வான் ஹெங்கல் முதல் உணவு வங்கியைத் தொடங்கியபோது, கடைகள் வீசி எறியவிருந்த நல்ல உணவைப் பசித்தவர்களிடம் சேர்ப்பதுதான் யோசனை. அருமையான யோசனை. ஆனால் எது மிஞ்சுகிறதோ, எது கெடாமல் இருக்கிறதோ அதுதான் பைக்குள் போகும். கெடாமல் இருப்பவற்றில் பலவும் உப்பும் சர்க்கரையுமாக இருக்கும். பிறகு அங்கேயே விழித்துக்கொண்டார்கள்: கொழுப்பு, உப்பு, சர்க்கரை அளவைப் பார்த்துப் பொருட்களைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரிக்கும் வழிகாட்டுதல் 2020-ல் வந்தது.

உங்களுக்கு வண்ணமெல்லாம் வேண்டாம். பை கட்டுவதை நிறுத்திவிட்டுப் பொருட்களை மேசையில் பரப்பி வையுங்கள். வேண்டியதை அவர்களே எடுக்கட்டும். முணுமுணுத்த நண்பரை டப்பாவின் பொடி எழுத்தைப் படித்துச் சொல்லும் வேலைக்குப் போடுங்கள். டப்பாவில் வரும் பயறு, காய்களைத் தண்ணீரில் அலசினால் உப்பு ஓரளவு குறையும் என்பதையும் அவரே சொல்லட்டும்.

இன்னொன்று, மாதக் கடைசி வாரத்தைக் கவனியுங்கள். கலிஃபோர்னியாவில் ஏழைப் பகுதி மக்கள் ரத்தச் சர்க்கரை தாழ்ந்துபோய் மருத்துவமனையில் சேர்வது, முதல் வாரத்தைவிடக் கடைசி வாரத்தில் 27 சதவீதம் அதிகமாக இருந்தது. சர்க்கரைக்கான மருந்து வழக்கம்போல உள்ளே போகிறது, கையில் காசு தீர்ந்ததால் சாப்பாடு போகவில்லை. அந்த வாரம் மட்டும் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்க முடியுமா பாருங்கள்.

கேள்வி: உண்மையிலேயே இல்லாதவர்தானா என்று பார்க்க வருமானச் சான்று கேட்கலாமா?

பதில்: வேண்டாம். சான்று வாங்க அலையத் தெம்பில்லாதவர்தான் முதலில் கழன்றுகொள்வார். தெரிந்தே ஆகவேண்டும் என்றால், சில நாடுகளில் மருத்துவமனைகளில் கேட்கும் இரண்டு கேள்விகள் போதும். கடந்த 12 மாதங்களில், கையில் பணம் வருவதற்குள் சாப்பாட்டுச் சாமான் தீர்ந்துவிடுமோ என்று கவலைப்பட்டது உண்டா? அப்படித் தீர்ந்துபோய், மறுபடி வாங்கப் பணமில்லாமல் இருந்தது உண்டா? ஒன்றுக்கு 'ஆமாம்' என்றாலும் கொடுத்துவிடுங்கள். வரிசையில் எல்லோர் காதிலும் விழும்படி மட்டும் கேட்காதீர்கள்.

கேள்வி: தேதி தாண்டிய பாக்கெட்டுகளை நன்கொடையாகத் தருகிறார்கள். வாங்கலாமா?

பதில்: எந்தத் தேதி என்று பாருங்கள். 'இதற்குள் பயன்படுத்தவும்' என்பது பாதுகாப்புக்கான தேதி, தாண்டினால் குப்பைதான். 'இதற்கு முன் சிறந்தது' என்பது ருசிக்கும் மொறுமொறுப்புக்குமான தேதி. பாக்கெட் கிழியாமல், ஈரம் படாமல் இருந்தால் சில நாள் தாண்டியதைச் சாப்பிடலாம். கைக்குழந்தைக்கான பால்பவுடரில் மட்டும் இந்தச் சலுகை கிடையாது. அப்புறம், உப்பிய டப்பா எந்தத் தேதியில் இருந்தாலும் திறந்துகூடப் பார்க்க வேண்டாம்.