கொக்கட்டிச்சோலைக்கு மூன்று கொம்பு

அன்புள்ள சேர்,

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் 4ஆம் தரம் படிப்பிக்கிறேன். 31 பிள்ளைகள். ஐந்து பேருக்கு எழுத்துக்கூட்டி வாசிக்கவே வராது. ஒரு பிள்ளைக்குக் காது மந்தம் என்று நினைக்கிறேன். இன்னொருவன் ஒரு இடத்தில் இருக்கமாட்டான். பார்த்துப் படிப்பவர், கேட்டுப் படிப்பவர், செய்து படிப்பவர் என்று பிள்ளைகளை மூன்றாகப் பிரித்துப் பாடக்குறிப்பு எழுதும்படி பயிற்சிப் பட்டறையில் சொன்னார்கள். அதற்கு எனக்கு நேரமில்லை. மெல்லக் கற்கும் பிள்ளைகளுக்குப் பின்னேரம் பரிகார வகுப்பு வைத்தேன், வருகிறார்கள் இல்லை. போனில் ஏதாவது நல்ல செயலி இருக்கிறதா? நான் என்ன செய்யலாம்?

ம.

அன்புள்ள மகள்,

உங்கள் கடிதம் வந்த அன்று நானும் இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் கோபத்தைக் கொட்டிவிடுகிறேன். அந்தப் பட்டறைக் கையேட்டை மூடி அலுமாரியில் வையுங்கள். 2008இல் ஹரல்ட் பாஷ்லர் என்ற உளவியலாளரும் இன்னும் மூன்று பேரும் இந்தப் பிரிப்பைப் பற்றிய ஆய்வுகளையெல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு, பிள்ளையை இப்படி வகைபிரித்து வகைக்கு ஏற்றபடி படிப்பித்தால் கூடுதலாகப் படிக்கும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று எழுதிவிட்டார்கள். நம்மூர்ப் பட்டறைகளுக்கு அது இன்னும் வந்து சேரவில்லை. வந்தாலும் விடமாட்டோம், ஏனென்றால் ஒரு பிள்ளைக்கு ஒரு பெயரை ஒட்டிவிட்டால் நம் வேலை பாதி முடிந்த மாதிரி ஒரு நிம்மதி வருகிறது.

அப்புறம் அந்தப் 'பரிகாரம்'. அட்டமத்துச் சனிக்குப் பரிகாரம் செய்வார்கள், பிள்ளைக்கு என்ன தோஷம்? மற்றவர்கள் பந்தடிக்கிற நேரத்தில் ஐந்து பேரை மட்டும் பிடித்து இருத்தி, காலையில் விளங்காத அதே பக்கத்தை அதே மாதிரி இன்னொருமுறை சொன்னால் எந்தப் பிள்ளை வரும்? நானென்றாலும் வரமாட்டேன்.

இப்படிச் சொல்கிற நான் என்ன செய்தேன் என்று கேளுங்கள். எண்பதுகளில் எனக்கு முதல் நியமனம் கொக்கட்டிச்சோலைப் பக்கம். மண்முனைப் பாலம் 2014இல்தான் வந்தது. அப்போதெல்லாம் துறையில் காத்துக்கிடந்து 'பாதை' என்கிற மிதவைப் படகில் வாவியைக் கடந்து, சைக்கிள் மிதித்துப் போய்ச் சேரும்போதே ஆள் பாதி களைத்துவிடும். வகுப்பில் ஒரு பெடியன். சொல்வதெழுதலில் ஊர்ப் பெயரை எழுதச் சொன்னேன். 'கொ' எழுத வேண்டிய இடத்தில் முதலில் 'க', அதற்கு வலப்பக்கம் கொம்பு, பிறகு அரவு, அதுதான் துணைக்கால். எத்தனை தரம் திருத்தினாலும் அப்படித்தான். நான் அடித்தேன், இரண்டு கையிலும்.

அவன் செய்ததில் ஒரு நியாயம் இருந்தது என்று எனக்கு விளங்க இருபது வருடத்துக்கு மேல் எடுத்தது. 'கொ' என்று மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். 'க்' முதலில் வருகிறது, 'ஒ' பிறகுதான் வருகிறது. தாளில் என்ன நடக்கிறது? பிறகு வருகிற சத்தத்தின் பாதி முன்னால் பாய்ந்து உட்காருகிறது, மற்றப் பாதி பின்னால் நிற்கிறது. 'கொக்கட்டிச்சோலை' எட்டு எழுத்து. அதில் மூன்றுக்கு, கொ, சோ, லை மூன்றுக்கும், குறி எழுத்துக்கு முன்னால். ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரத்துக்கு வேறொரு கொம்பு. தன் ஊர்ப் பெயரை எழுத ஒரு பிள்ளை மூன்று இடத்தில் தன் காதை நம்பாமல் இருக்க வேண்டும். நமக்கு இது சிறுவயதிலேயே கைப்பழக்கமாகிவிட்டதால் இப்படி ஒரு விஷயம் இருப்பதே தெரியாது. சில பிள்ளைகளுக்கு அந்தப் பழக்கம் தானாக வராது. புத்தி மந்தம் என்று எழுதிவிடுகிறோம்.

இன்னொன்று கேளுங்கள். பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்யும்போது கொம்பை முதலில் அடிப்போம், எழுதுகிற மாதிரியே. கணினிகளுக்கெல்லாம் பொதுவான யுனிகோடு என்ற எழுத்துக் குறியீட்டு முறை வந்தபோது வரிசை மாறிவிட்டது: உள்ளே முதலில் 'க', அதன் பிறகுதான் உயிர்க்குறி, திரையில் காட்டும்போது கொம்பு இடப்பக்கம் போகிறது. போனிலும் 'க'வைத்தான் முதலில் தொடுகிறீர்கள். உலகம் முழுக்க எந்த வரிசையில் தமிழைச் சேமித்து வைக்கிறார்களோ அந்த வரிசையில் எழுதியதற்குத்தான் நான் ஒரு பிள்ளையின் கையை வீங்க வைத்தேன். முதன்முதலாகப் போனில் தமிழ் எழுதிய அன்று இது உறைத்தது. அன்று நான் சாப்பிடவில்லை.

செயலி கேட்டீர்கள். ஒரு மட்டை போதும். க, ச, ல வெட்டுங்கள், கொம்புகளையும் அரவையும் தனித்தனியாக வெட்டுங்கள். பிள்ளை முதலில் 'க'வை வைக்கட்டும், 'ஒ' என்று சொல்லிக்கொண்டே கொம்பைத் தன் கையாலேயே இடப்பக்கம் கொண்டுபோய் வைக்கட்டும். ஐந்து பேருக்கு மட்டும் கொடுக்காதீர்கள். 31 பேருக்கும் கொடுங்கள், முதலாம் பிள்ளைக்கும் சேர்த்து.

அந்தப் பெடியனின் ஊரில் அதே வருடம் கூத்துப் பழகினார்கள். இவனுக்குத் தோழிப்பெண் வேடம். பார்க்கப் போயிருந்தேன். என்னிடம் ஒரு வரி வாசிக்காதவன் பாட்டும் ஆட்டமுமாக ஒரு இடம் பிசகவில்லை. கூத்துப் பழக்கிய அண்ணாவியார் ஒன்றும் இவனைக் 'கேட்டுப் படிப்பவன்' என்று பிரித்து வைக்கவில்லை. எல்லாருக்கும் பாட்டு, எல்லாருக்கும் ஆட்டம், ஆடிக்கொண்டு உள்ளே வருகிற வரவு மட்டும் அரசனுக்கு அவன் வரவு, தோழிக்கு அவள் வரவு. பழகுகிற இரவுகளில் ஒருவன் அடி தவறினால் பிற்பாட்டுக்காரர் அதே அடியைத் திருப்பிப் பாடும்போது அதற்குள் நுழைந்து தன்னைச் சரிப்படுத்திக்கொள்வான், வெளியே யாருக்கும் தெரியாது. நீங்கள் ஐந்து பேரையும் தனியாக எழுப்பி வாசிக்க வைக்கிறீர்களா? வேண்டாம் மகள். முதலில் நீங்கள் வாசியுங்கள், பிறகு வகுப்பே சேர்ந்து வாசிக்கட்டும், மறுகா இரண்டு இரண்டு பேராக. தனியாக வாசிக்கிற நாளை அந்தப் பிள்ளை சொல்லட்டும்.

ஓம், நீங்கள் கேட்டது பாடக்குறிப்பு. ஒன்று போதும். சுற்றாடல் பாடத்தில் விடையை வாயால் சொன்னால் புள்ளி போடுங்கள், அங்கே கொம்பைத் தேடாதீர்கள். ஒரு இடத்தில் இருக்காதவனுக்குக் கொப்பி சேர்க்கிற வேலை கொடுங்கள், ஒன்பது வயதில் நானும் ஒரு இடத்தில் இருந்ததில்லை.

ஆனால் காது மந்தம் என்று 'நினைக்கிறேன்' என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்கு ஏச்சு வாங்கத்தான் வேண்டும். இவ்வளவு நாளும் நினைத்துக்கொண்டா இருந்தீர்கள்? தாயைக் கூப்பிட்டுக் காதில் சீழ் வடிகிறதா, தடிமன் வந்தால் இன்னும் கேளாமல் போகிறதா என்று கேளுங்கள். இந்தக் கிழமையே பெரியாஸ்பத்திரிக்குக் காது பார்க்கக் கூட்டிப்போகச் சொல்லுங்கள். அதுவரை முன்வாங்கில் இருத்துங்கள், கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு பேசாதீர்கள். உங்கள் வாயைப் பார்த்துத்தான் அந்தப் பிள்ளை பாதியை விளங்கிக்கொள்கிறது.

காரணம் சொல்கிறேன் என்றேனே. அந்தப் பெடியனுக்கு இப்போது ஐம்பதை ஒட்டிய வயது, மாட்டுப் பட்டி வைத்திருக்கிறான். எனக்கு ஒருநாளும் எழுதமாட்டான், வாட்ஸப்பில் பேசித்தான் அனுப்புவான். உங்கள் கடிதம் வந்த அன்று காலையிலும் வந்தது. "சேர், தயிர் இருக்கு, கொண்டுவரட்டா?" பழக்கதோஷத்தில் 'ஓம், கொண்டு வா' என்று எழுதிவிட்டேன். அனுப்பப் போகும்போதுதான் அந்தக் 'கொ' கண்ணில் பட்டது. அழித்துவிட்டுப் பேசி அனுப்பினேன்.