பரசூட்டைக் கடந்த கல்: விண்கல்லா, வெறுங்கல்லா?

நோர்வேயில் 2012இல் அண்டர்ஸ் ஹெல்ஸ்ட்ரப் என்பவர் விமானத்திலிருந்து குதித்தபோது, ஒரு கல் அவரைக் கடந்து விழுவது ஹெல்மெட் கமராவில் பதிவானது. 2014 ஏப்ரலில், அது விண்ணிலிருந்து விழுந்த விண்கல் என்ற பேச்சோடு அந்த வீடியோ உலகமெங்கும் பரவியது. அதைப் பார்த்த யாழ்ப்பாண வாசகர்களின் கேள்விகளுக்கு ஒரு பௌதிகவியல் ஆசிரியர் பதில் தருகிறார்.

சுன்னாகம் மாணவன்: சேர், கல் எரியவே இல்லையே. அப்ப பொய்தானே?

இல்லை தம்பி, அந்தக் காரணம் செல்லாது. விண்கல் ஒளிர்வது மிக உயரத்தில்தான். ஏறத்தாழ 20 கிலோமீற்றருக்குக் கீழே வருவதற்குள் காற்று அதன் வேகத்தைப் பெரும்பாலும் குறைத்துவிடும். பிறகு அது வெறும் கல்லாகத்தான் விழும். வீடியோ இதற்கு ஒத்துப்போனதால் படித்தவர்களும் நம்பினார்கள். ஒத்துப்போகிற வேறு விளக்கம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

நல்லூர் வாசகி: அப்படியென்றால் அது என்ன?

பரசூட்டை மடிக்கும்போது உள்ளே அகப்பட்ட சிறு கல் என்பதே கடைசியில் நின்ற விளக்கம். ஒற்றைக் கமராவில் தூரம் தெரியாது. ஐந்து மீற்றர் தள்ளிப் போகும் பெரிய கல்லும், ஒரு மீற்றரில் போகும் கூழாங்கல்லும் திரையில் ஒரே அளவாகத் தெரியலாம். தூரம் தெரியாவிட்டால் வேகமும் தெரியாது. அந்தக் கல் தென்பட்டதோ பரசூட் விரிந்து கொஞ்ச நேரத்துக்குள். எனக்கு இதுதான் பெரிய தடயம். கீழே தேடியவர்களுக்கும் விண்கல் கிடைக்கவில்லை. வீடியோவை மறைக்காமல் வெளியிட்டதால்தான் பலரும் கணக்குப் போட்டுப் பார்க்க முடிந்தது, அதை மதிக்கிறேன்.

பருத்தித்துறை வாசகர்: கமராவில் பட்ட உண்மையான விண்கல் உண்டா?

உண்டு. 2013 பெப்ரவரி 15 அன்று ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க்கில் விழுந்ததைப் பல கார் கமராக்கள் வெவ்வேறு கோணங்களில் பிடித்தன. ஏரியிலிருந்து அரைத் தொன்னுக்கு மேற்பட்ட துண்டும் எடுத்தார்கள்.

கோண்டாவில் வாசகர்: தோட்டம் கொத்தும்போது கறுப்புக் கல் ஒன்று வந்தது. காந்தம் ஒட்டுகிறது. விண்கல்லாக இருக்குமோ?

நம் மண்ணுக்கு அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். ஆகவே கறுப்புக் கல் வெளியிலிருந்து வந்தது என்று நினைப்பது சரி. ஆனால் வன்னிக் கருங்கல்லும் லொறியில் வந்து இறங்குகிறதே! கொல்லன் பட்டறையில் இரும்பைக் காய்ச்சும்போது மிஞ்சும் கிட்டம் என்ற கழிவுக்கட்டியிலும் காந்தம் ஒட்டலாம். உடைந்த பக்கத்தைப் பாருங்கள். குமிழித் துளைகள் நிறைய இருந்தால் அநேகமாகக் கிட்டம்தான். புதிதாக விழுந்த விண்கல்லில் மெல்லிய கறுப்புத் தோலும், பெரும்பாலும் உள்ளே வெளிர்சாம்பல் நிறமும் தெரியும். கழுவாமல், பக்கத்தில் ஒரு நாணயம் வைத்துப் படம் எடுத்து அனுப்புங்கள். அளவு தெரியாத படத்தைப் பார்த்து நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.